நீதிபதிக்கு ஒரு ஓட்டு

1

வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர் எழுத்து மூலம் ஆட்சேபித்தால், பதிவாளர் பத்து நாட்களுக்குள் அவரை அழைத்து விசாரிக்க வேண்டும். முடிவு சொல்லும்வரை அவர் பெயர் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தின் தேர்தல் சட்டம் சொல்வது இது. தமிழில் நான் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். பொருளில் கை வைக்கவில்லை. கை வைக்கும் வழக்கம் எனக்கில்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்து, மாவட்ட நீதிமன்றச் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். சிரஸ்தார் என்றால் கோர்ட் அலுவலகத்தின் தலைமை எழுத்தர். தீர்ப்புச் சொல்வது நீதிபதி. தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு வழக்கைக் கொண்டுவந்து நிறுத்துவது நாங்கள். கெடு தாண்டி வந்த மனுவை, எந்த வக்கீலுடையது என்று பார்க்காமல் திருப்பியிருக்கிறேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

அப்படிப்பட்டவன் அமெரிக்காவுக்கு வந்தது நியூஜெர்சியில் இருக்கும் மகன் அழைத்ததால். அவன் குடியுரிமை வாங்கி, எனக்குக் கிரீன் கார்டு வாங்கித் தந்தான். ஐந்து வருடம் பனியைப் பார்த்தேன். பிறகு நானும் கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்துக் குடிமகனானேன். முழங்கால் பனியை ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே இருக்கும் மகள் உமா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த வீட்டில் இரண்டு பேர் அமெரிக்கக் குடிமக்கள். எழுபத்திரண்டு வயதான நானும், இங்கேயே பிறந்த என் பேத்தி தாராவும். நடுவில் இருக்கும் உமாவும் மாப்பிள்ளை செந்திலும் பதினான்கு வருடமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். வீட்டுக் கடன் அவர்களுடையது, வரி அவர்களுடையது, ஓட்டு என்னுடையது. சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசும்போது செந்தில் என்னிடம் கோரிக்கை வைப்பதுபோலப் பேசுவார். தொகுதி மக்கள் உறுப்பினரிடம் பேசுவது மாதிரி இருக்கும்.

எனக்கு ஜனாதிபதித் தேர்தலைவிடப் பெரிய ஆர்வம் வேறொன்றில் இருந்தது. டெக்சாஸில் நீதிபதிகளுக்குத் தேர்தல் உண்டு. கட்சிச் சின்னம் இல்லாத குறைதான். பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் பெயர் அச்சாகியிருக்கும். வீட்டுப் புல்வெளிகளில் 'இன்னாரை மாவட்ட நீதிபதியாகத் தேர்ந்தெடுங்கள்' என்று பலகை குத்தி வைத்திருப்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது அதிர்ச்சியாக இருந்தது. எங்கள் நீதிபதி பேருந்து நிலையத்துக்கு வந்து செருப்பு வாங்கினால்கூட ஊர் பேசும். பிறகு யோசித்தேன். வாழ்நாள் முழுவதும் நீதிபதி உட்கார்ந்திருக்க நான் நின்றிருக்கிறேன். ஒரு நாளாவது என் பேனா முனையில் அவர் நிற்கட்டுமே.

2

ஒவ்வொரு வருடமும் ஓய்வூதியர் நேர்காணலுக்காக ஊருக்குப் போவேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று கருவூலத்துக்குக் காட்ட வேண்டும். இங்கிருந்தபடியே அதைச் செய்யும் முறைகள் உண்டு, எனக்கு அவை தெரியும். ஆனால் உயிரோடு இருப்பதை நேரில் காட்டுவதுதான் மரியாதை. போன வருடம் சித்திரையில் போய் ஆடியில் திரும்பினேன். அங்கே என் உயிரை உறுதி செய்துகொண்டிருந்த நாட்களில் இங்கே என் குடியுரிமை போய்விட்டது.

சமையலறை மேசையில் எனக்கு வந்த தபால்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. செந்தில் அவற்றைப் பிரிப்பதில்லை. மாமனார் தபாலைப் பிரிக்கக் கூடாது என்பது அவர் வளர்ப்பு. பல் மருத்துவர் விளம்பரத்துக்கும் மின்சாரக் கம்பெனி விளம்பரத்துக்கும் நடுவில் கவுண்டியிலிருந்து, அதாவது இங்குள்ள மாவட்ட நிர்வாகத்திலிருந்து, இரண்டு கடிதங்கள். முதலாவது: நீங்கள் அமெரிக்கக் குடிமகன் அல்ல என்று தெரிய வருகிறது, முப்பது நாட்களுக்குள் ஆதாரம் காட்டவும். இரண்டாவது: காட்டவில்லை, ஆகவே வாக்காளர் பதிவு ரத்து.

எங்கள் ஊரில் நோட்டீஸ் கொடுக்கக் கோர்ட் அமீனா சைக்கிளில் போவார். ஆள் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அப்புறமும் இல்லையென்றால் கதவில் ஒட்டி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வருவார். அந்தச் சாட்சிகள் நிஜ மனிதர்களா என்று நான் பார்ப்பேன். இங்கே ஒரு சாதாரணத் தபால் தலை அந்த வேலை அத்தனையையும் செய்துவிடுகிறது.

குடிமகன் இல்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது? கடிதத்திலேயே இருந்தது. ஜூரி சேவைக்கான அழைப்பாணைக்கு நானே அளித்த பதிலில் அப்படிச் சொல்லியிருக்கிறேனாம்.

எனக்கு ஜூரி அழைப்பாணை வந்ததே தெரியாது. தெரிந்திருந்தால் ஊரிலிருந்து விமானம் ஏறி வந்திருப்பேன். நம் நாட்டில் ஜூரி முறையை நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவனாக உட்காருவதற்காகவே குடியுரிமை வாங்கியவன் என்றுகூடச் சொல்லலாம்.

அன்று மாலை செந்தில் அலுவலகத்திலிருந்து வந்தார். ஃப்ரீவே நெரிசலில் ஒன்றரை மணி நேரம். ஷூவைக் கழற்றும்போதே கடிதத்தைப் பார்த்துவிட்டார். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, அது நான்தானுங்க."

நடந்தது இதுதான். ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்து பெயர் எடுப்பதால் செந்திலுக்கும் அவ்வப்போது ஜூரி அழைப்பு வரும். அவர் குடிமகன் இல்லை. இணையத்தில் போய் அந்தக் காரணத்தை டிக் செய்துவிடுவார், விஷயம் முடிந்தது. என் பெயருக்கு வந்த அழைப்பு உறையில்லாத மடிப்புத் தாளாக வந்திருந்ததால் கண்ணில் பட்டது. மாமா ஊரில் இருக்கிறாரே, பதில் போடாவிட்டால் அபராதம் என்று போட்டிருக்கிறதே என்று பதறி, கடைசி நாள் இரவு, அலுவலக மீட்டிங்கில் காது இருக்க, அழைப்பிலிருந்த என் எண்ணைப் போட்டுத் தன் காரணத்தை டிக் செய்துவிட்டார்.

"எப்பவும் அங்கதானுங்க மாமா டிக் பண்ணுவேன். கை தானாப் போயிருச்சு."

பதினான்கு வருடம் ஒரே கட்டத்தில் டிக் செய்த கை. அதை என்ன சொல்ல? இங்கே நம் வீடுகளில் பெரியவர்களின் காரியம் அத்தனையும் பிள்ளைகள் கையில்தான். மருத்துவக் காப்பீடு, வங்கி, ஊருக்கு டிக்கெட் எல்லாம் பாஸ்வேர்டோடு அவர்களிடம். நான் அதை ஒத்துக்கொண்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். ஆனால் ஊருக்குப் போகும்போது 'பார்த்துக்குங்க மாப்ள' என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் பார்த்துக்கொண்டார்.

3

காலையில் என்னோடு நடப்பவர் ஹமீது பாய். காயல்பட்டினத்துக்காரர், குழாய் பதிக்கும் கம்பெனியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடக் குடிமகன். அந்த வசந்தத்தில் இருந்து அவர் நடைப்பயிற்சிக்குக்கூடப் பாஸ்போர்ட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார். வியர்வை படாமல் இருக்க இட்லி மாவு கட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி. மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது, சந்தேகப்பட்டவரை உள்ளூர் போலீஸே நிறுத்திக் குடியேற்றம் பற்றிக் கேட்கலாம் என்று. ஒரு கோர்ட் தடுத்தது. மேல் கோர்ட் தடையைத் தூக்கியது. உச்ச நீதிமன்றம் சட்டம் ஓடட்டும் என்றது. அன்று இரவே மேல் கோர்ட் மறுபடி நிறுத்தியது. தூங்கி எழுந்த பாய் என்னைக் கேட்டார்.

"சிரஸ்தாரே, இன்னைக்கு நான் சந்தேகப்படுற ஆளா, இல்லையா?"

இங்கே தீர்ப்பு வந்தால் யாரும் முதலில் தீர்ப்பைப் படிப்பதில்லை. நீதிபதியை நியமித்தது எந்த ஜனாதிபதி என்று படிக்கிறார்கள். செய்தித்தாளிலும் நீதிபதி பெயருக்குப் பிறகு அதுதான் வருகிறது, கல்யாணப் பத்திரிகையில் பட்டப்படிப்பு வருகிற மாதிரி. அதைத் தெரிந்துகொண்டபின் தீர்ப்பைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பார் பாய். நான் படிக்கிறேன். முழுவதும், அடிக்குறிப்பு உட்பட. ஒன்று சொல்லலாம்: எந்தக் கட்சி நியமித்தவராக இருந்தாலும், நடைமுறை தவறிய மனுவைத் திருப்புவதில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. அதுதான் எனக்குத் தெம்பு.

கவுண்டி அலுவலகக் கவுண்டரில் இருந்த இளைஞன் மிகப் பணிவானவன். புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டால் முப்பது நாளில் புது அட்டை வந்துவிடும், சார் ஏன் சிரமப்படுகிறீர்கள் என்றான். நான் மறுத்தேன். புதிதாகப் பதிந்தால் பழைய ரத்து சரி என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். போன தேர்தலில் நான் ஓட்டுப் போட்டிருக்கிறேன். 'நான் குடிமகன் இல்லை' என்ற பதில் பதிவேட்டில் அப்படியே நின்றால், அந்த ஓட்டுக் குற்றமாகிறது. அந்த வருடம் அப்படிப்பட்ட பெயர்களைத் தேடி எடுத்து மேடையில் எண்ணிக்கை சொன்ன அரசியல்வாதிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்க எனக்கு விருப்பமிருக்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் உமா பேசினாள். அவளுக்கு நிலைமை என்னைவிட நன்றாகவே புரிந்திருந்தது. நான் குடிமகன் என்று சான்றிதழ் காட்டலாம். ஆனால் 'அப்படியானால் இல்லை என்று ஏன் டிக் செய்தீர்கள்' என்று கேட்பார்கள். நான் செய்ததாகச் சொன்னால், ஜூரியிலிருந்து தப்பக் கோர்ட்டுக்குப் பொய் சொன்னவன் ஆவேன். செய்யவில்லை என்றால் யார் செய்தது என்பார்கள். செந்திலின் அலுவலக நண்பர் ஒருவர் தன் வக்கீலிடம் பொதுவாகக் கேட்டிருக்கிறார். இன்னொருவர் பெயரில் அரசாங்கத்துக்குத் தவறான பதில் கொடுத்தது ஒரு ஃபைலில் ஏறினால், கிரீன் கார்டு நேர்காணலில் அது எந்த வடிவத்தில் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று பதில்.

"அப்பா, ஒரு ஓட்டுப்பா. விட்டுருங்க. பதினாலு வருஷம் நாங்க தலையத் தூக்காம நிக்கறோம்."

செந்தில் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுவதாக இல்லை என்று சொன்னேன். அதே நேரம் மாப்பிள்ளை பெயர் என் வாயிலிருந்து வராது என்றும் சொன்னேன். இரண்டும் ஒரே மனுவில் எப்படி நிற்கும் என்று உமா கேட்டாள். என் தொழிலே அதுதானே என்றேன். தைரியமாகச் சொன்னேனே தவிர, இரவெல்லாம் அதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனுவைத் தாராதான் தட்டச்சு செய்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். நான் கையால் எழுதிக் கொடுத்ததில் 'கீழே கையெழுத்திட்டிருக்கும் மனுதாரர் பணிந்து வேண்டிக்கொள்வது' என்று எங்கள் கோர்ட் ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தேன். அவள் திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒய் ஆர் யூ பெக்கிங், தாத்தா? தே ஆர் தி ஒன்ஸ் ஹூ மெஸ்ஸ்டு அப்."

என் கை வழியாகப் போன ஆயிரக்கணக்கான மனுக்களில் எல்லோரும் பணிந்து வேண்டியிருக்கிறார்கள். நிலம் பறிபோனவர்களும்கூட. யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். 'நான் கோருகிறேன்' என்று அவள் தொடங்கினாள். படிக்க முரட்டுத்தனமாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

மனுவில் நான் சொன்னது மூன்றே விஷயம். நான் குடிமகன், இதோ சான்றிதழ். அந்தப் பதில் அனுப்பப்பட்ட நாளில் நான் இந்த நாட்டிலேயே இல்லை, இதோ பாஸ்போர்ட் முத்திரை. ஆகவே அது என் பதில் அல்ல. பிறகு சட்டத்தின் வரி: பத்து நாட்களுக்குள் விசாரணை, அதுவரை பெயர் பட்டியலில். நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். கவுண்டர் இளைஞன் நகலில் முத்திரை கேட்ட முதல் ஆள் நான்தான் என்றான். மேசை இழுப்பறையில் தேடித்தான் முத்திரையை எடுத்தான்.

4

பத்து நாள் போயிற்று. பட்டியலில் பெயர் ஏறவில்லை. நினைவூட்டல் போட்டேன். ஆவணி முழுவதும் போயிற்று. இரண்டாவது நினைவூட்டலில் முதல் நினைவூட்டலைச் சுட்டினேன். தொலைபேசியில் ஒரு பெண் குரல், பணியாளர் பற்றாக்குறை, தேர்தல் வருடம், உங்கள் பொறுமைக்கு நன்றி என்றது. என் பொறுமையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

செப்டம்பரில் ஒரு நாள் விசாரணைக்கு அழைப்பு வந்தது. செந்தில் லீவு போட்டு என்னை டிரைவ் பண்ணிக்கொண்டு போனார். பார்க்கிங்கில் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: நீங்கள் காரிலேயே இருங்கள், உள்ளே வர வேண்டாம். சரிங்க மாமா என்றார்.

எனக்குக் கோர்ட் என்றால் உயர்ந்த மேடை, தூசி படிந்த மின்விசிறி, வெளியே வழக்குக் கட்டுகளோடு கூட்டம். இது ஒரு சின்ன அறை. மேசை, கொடி, டிஷ்யூ பெட்டி, தண்ணீர் பாட்டில்கள். துணைப் பதிவாளர் ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்கின் நுனியில் கண்ணாடி. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்தார். முகத்தில் சந்தேகமே இல்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு கேட்டார், அப்படியானால் ஜூரிப் பதிலை அனுப்பியது யார் என்று.

இதற்காகத்தான் நான் ஒத்திகை பார்த்திருந்தேன். அம்மா, இந்த விசாரணையில் சட்டம் கேட்பது நான் குடிமகனா என்பதை மட்டும். யார் அனுப்பினார் என்று அது கேட்கவில்லை என்றேன். அவர் சிரித்தார். சட்டம் கேட்கவில்லை, ஆனால் என் கணினி கேட்கிறது என்றார். திரையைத் திருப்பிக் காட்டினார். 'பிழைக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் ஃபைலை மூட முடியாது. நிரப்பாவிட்டால் மேல் விசாரணைக்கு அனுப்பும் பட்டியலில் அது தானாகச் சேர்ந்துவிடும். மேல் விசாரணை என்றால் அரசு வக்கீல் அலுவலகம்.

'தெரியாது' என்று போடலாமா என்று அவரே கேட்டார். நல்ல பெண்மணி. ஒரு தலையாட்டல் போதும். ஆனால் எனக்குத் தெரியும். உறுதிமொழி எடுத்துவிட்டு 'தெரியாது' என்று சொன்ன சாட்சிகளை நான் எவ்வளவு பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி மாலையில் டீக்கடையில் என்ன பேசுவோம் என்பதும் தெரியும்.

பதில் சொல்ல மறுக்கிறேன் என்றேன். மறுப்பதற்கான காரணத்தையும் சொல்ல மறுக்கிறேன், இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

கதவு பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. செந்தில். எப்போது காரிலிருந்து வந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. லீவு நாளிலும் அலுவலக அட்டை கழுத்தில் தொங்கியது. நான் அனுப்பினேன் மேடம், அவர் மருமகன் நான், எனக்கு வரும்போது இந்தக் காரணத்தைத்தான் டிக் செய்வேன், அதே நினைவில் செய்துவிட்டேன் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். நடுக்கமில்லை. மீட்டிங்கில் பேசுகிற குரல்.

எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே என்று எத்தனை சாட்சிகளுக்குக் கோர்ட் வாசலில் சொல்லியிருப்பேன். வீட்டிலேயே ஒருவருக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

பெண்மணி கண்ணாடியைக் கழற்றிச் செந்திலைப் பார்த்தார். தனக்கு வரும்போதும் அந்தக் காரணம்தான் என்று செந்தில் சொன்னதன் பொருள் அவருக்குப் புரியாமல் இருக்காது. விசா என்ன, எத்தனை வருடம் என்று எதுவும் கேட்கவில்லை. பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். தட்டச்சு செய்தார். முடிவு தபாலில் வரும், திருப்தியில்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று வழிமுறையைப் படித்தார்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் நெரிசல். ஏன் மாப்ள என்று கேட்டேன். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பதினாலு வருஷமாக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லீட்டு இருக்கேனுங்க மாமா. நீங்க உள்ள கத்துனது வெளிய கேட்டுச்சு. எனக்காக நீங்க கத்த வேண்டாம்னு தோணுச்சு."

கத்தவில்லை, உரக்கப் பேசினேன் என்று திருத்தினேன்.

5

அன்று முதல் தபால் பெட்டி வீட்டில் எல்லோருக்கும் பொதுவான விஷயமாகிவிட்டது. முன்பு என் ஓட்டு மட்டும் அந்தப் பதிலில் இருந்தது. இப்போது செந்திலின் பெயரும் இருந்தது. உமா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அரசு வக்கீல் கடிதம் என்றால் உறை எப்படி இருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாதது அது ஒன்றுதான்.

நவராத்திரிக்குத் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் ஒரு மண்டபத்தில் கொலு வைத்திருந்தார்கள். கொலுப் படியில் தசாவதார பொம்மைகளுக்குப் பக்கத்தில் ஃபுட்பால் ஹெல்மெட் வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. சுண்டல் வரிசையில் நிற்கும்போது ஒரு பரபரப்பு. தேர்தலில் நிற்கும் மாவட்ட நீதிபதி வந்திருக்கிறார். எங்கள் தெரு முனையில் பலகையில் சிரிப்பாரே, அவரேதான். யாரோ நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டிருந்தார்கள், சற்றுக் கோணலாக. கையில் காகிதத் தட்டு, அதில் சுண்டல். வரிசையில் ஒவ்வொருவரிடமும் கைகூப்பி வணக்கம் சொல்லி, ஆதரவு கேட்டுக்கொண்டே வந்தார்.

பதிவாளர் முடிவு எனக்கு எதிராக வந்தால் என் மேல்முறையீடு போவது இவர் கோர்ட்டுக்கு. வழக்கு வரக்கூடிய நீதிபதியோடு வழக்காடுபவன் தனியாகப் பேசக் கூடாது. இது எந்த நாட்டிலும் விதி. நான் வரிசையிலிருந்து விலகினேன். அவர் விடவில்லை. நேராக வந்து கையை நீட்டி, உங்கள் ஓட்டை நம்பலாமா என்றார்.

மன்னிக்க வேண்டும் ஐயா, நான் உங்களோடு பேச முடியாது என்றேன். எனக்கு ஓட்டு இருக்கிறதா என்ற வழக்கே உங்கள் முன் வரலாம்.

அவர் புன்னகை ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு தலையை ஆட்டிவிட்டு, சரியாகச் சொன்னீர்கள் என்றார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போனார். பக்கத்தில் நின்ற ஹமீது பாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"வே சிரஸ்தாரே, ஜட்ஜையே ரிட்டர்ன் பண்ணிட்டீரே."

எனக்கு அன்று சுண்டல் கிடைக்கவில்லை. திரும்பிப் போனபோது பாத்திரம் காலி.

6

பதில் வராமலே தேர்தல் நாள் வந்தது. நூலகத்தில் வாக்குச்சாவடி. பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே என்றார் அங்கிருந்த முதியவர். இருக்க வேண்டும் என்றேன். முத்திரை வாங்கிய நகலைக் காட்டினேன். பெயர் இல்லாதவர் தற்காலிக ஓட்டுப் போடலாம், பிறகு தகுதி பார்த்து எண்ணுவார்கள் என்று சட்டம் இருக்கிறது. அவர் அதைச் சொல்வதற்குள் நான் சொன்னேன். அதற்கான உறையை எடுத்து வந்தார்.

என்னோடு தாரா வந்திருந்தாள். அவளுக்கு ஓட்டு இல்லை, பதினாறுதான். செந்திலும் உமாவும் வெளியே பார்க்கிங்கில், காருக்குள் இல்லாமல் வெயிலில் நின்றிருந்தார்கள். ஓட்டுச் சீட்டில் மேலிருந்து கீழே வந்தேன். ஜனாதிபதி, செனட், இன்னும் யார் யாரோ. பிறகு நீதிபதிகள், பக்கம் பக்கமாக. எங்கள் தெரு முனைக்காரரின் பெயரில் நிறுத்தினேன். கொலுவில் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போனவர். விதியைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டவர். யாருக்குப் போட்டேன் என்பது ரகசியம், அதுவும் விதிதான். உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்திட்டேன். எண்ணுவார்களா என்று தாரா கேட்டாள். எண்ணாமல் விடட்டும் பார்க்கலாம் என்றேன். மேல்முறையீட்டு மனு ஏற்கெனவே தயாராக இருந்தது. அவள்தான் தட்டச்சு செய்திருந்தாள். அதில் யாரும் பணிந்து வேண்டவில்லை.

தேர்தல் முடிந்து அடுத்த வாரம், மதியம், தாரா பள்ளியிலிருந்து வரும்போது தபாலை எடுத்து வந்தாள். கவுண்டி உறை. செந்தில் அன்று வீட்டிலிருந்து வேலை, உமாவும் வீட்டில் இருந்தாள். மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உறையைச் செந்திலிடம் நீட்டினேன்.

"மாமா, உங்க தபாலுங்க."

"உங்க பேரும் உள்ள இருக்குது. பிரிங்க மாப்ள."

ஒரே தாள். அவர் வாய்விட்டுப் படித்தார். என் பதிவு ரத்தான நாளிலிருந்தே மீட்கப்பட்டது. தற்காலிக ஓட்டு ஏற்கப்பட்டது. ஜூரிப் பதில், குடும்பத்தினர் ஒருவர் தவறுதலாக அளித்தது எனத் திருத்தப்பட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை. வருத்தம் என்று ஒரு சொல் கிடையாது. செந்தில் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்பதை மட்டும் இன்னொரு முறை படித்தார். உமா அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

கோர்ட்டுக்கு வரும் எந்தத் தாளானாலும் வலது மூலையில் வந்த நாளை எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். தாளை வாங்கி மேசையில் நீவினேன். பேனாவைச் செந்திலிடம் கொடுத்தேன். எங்கே என்று கேட்டார். காட்டினேன். அவர் எழுதினார்:

பெறப்பட்டது. நவம்பர் 15, வெள்ளிக்கிழமை.